ஓயாத திருப்பணி
மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் வாழ்க்கை

திருக்கோயில் ஒன்றைக் கட்டி முடித்துக் கும்பாபிஷேகம் செய்விப்பது பெரும் பேறு. கருங்கல்லைக் கொணர்வோரும், சுதை வேலை செய்வோரும், பொருள் திரட்டுவோரும் பல ஆண்டுகள் உழைத்த உழைப்பெல்லாம் கலசத்தில் தீர்த்தம் விழும் அந்த ஒரு முகூர்த்தத்தில் பயன் பெறுகின்றது. ஆயினும் அந்த முகூர்த்தத்தோடு பணி முடிந்துவிடுவதில்லை. மறுநாள் முதல் மண்டலாபிஷேகம் தொடங்குகின்றது. மண்டலம் நிறைந்த பின்னர் நித்திய பூஜை தொடர்கின்றது. கோபுரம் எழுப்பும் உழைப்பு ஒரு வகை. நாள்தோறும் திருவிளக்கு அவியாமல் காக்கும் உழைப்பு மற்றொரு வகை. முன்னதற்கு ஊக்கம் தருவோர் பலர். பின்னதற்கு உள்ளத்தின் உறுதி ஒன்றே துணை.

இவ்விரு வகை உழைப்பையும் ஒருங்கே தம் வாழ்வில் காட்டியவர் தமிழுலகம் நன்கறிந்த மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர். அவர் கட்டிய கோயில் கல்லால் ஆகியதன்று. பனையோலையில் மறைந்து கிடந்த பண்டைத் தமிழ் நூல்களால் ஆகியது.

இளமையும் வறுமையும்

பாபநாசத்திற்கு அருகில் உள்ள உத்தமதானபுரம் ஐயரவர்களுடைய சொந்த ஊர். தாயார் சரஸ்வதி அம்மாளின் பிறந்தகமாகிய சூரியமூலையில் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 19-ஆம் நாள் அவர் பிறந்தார். வேங்கடராமன் என்பது இட்ட பெயர். சாமிநாதன் என்பது வீட்டில் வழங்கிய பெயர். தந்தையார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். இராமாயணத்தைப் பாடியும் பொருள் சொல்லியும் கிடைக்கும் வருவாயில் குடும்பத்தை நடத்தியவர். கேட்போர் உள்ள ஊர் எதுவோ அதுவே அக்குடும்பத்திற்கு இருப்பிடம் ஆயிற்று. அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என ஊர் ஊராகக் குடும்பம் பெயர்ந்தது.

அவ்வாறு பெயர்ந்த ஊர்களிலெல்லாம் சிறுவர் சாமிநாதர் தேடியது ஒன்றே ஒன்று: தமிழ் சொல்லிக்கொடுப்பவர் யார் என்பதே அது. அரியலூரில் சடகோபையங்காரிடத்திலும், கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடத்திலும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடத்திலும் பாடம் கேட்டார். ஓர் ஊரில் தொடங்கிய நூல் வேறோர் ஊரில் முடிவதுண்டு; முடியாமலே நின்றுவிடுவதும் உண்டு. மகனைச் சங்கீதத்தில் வல்லவனாக்க வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். மகனுடைய உள்ளமோ தமிழின்பால் சென்றது. அதை உணர்ந்த தந்தையார் தம் விருப்பத்தை அடக்கிக்கொண்டு, வறுமைக்கிடையிலும் ஆசிரியர்களைத் தேடித் தேடி மகனைக் கொண்டு போய்ச் சேர்த்தார். பிற்காலத்தில் உலகம் போற்றிய உழைப்பின் முதல் வித்து அத்தந்தையாரின் கால் நடையில் இருந்தது என்று கூறுதல் மிகையாகாது.

குருகுல வாசம்

1871-ஆம் ஆண்டில், பதினேழாம் பிராயத்தில், மாயூரத்தில் இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை அவர் அடைந்தார். திருவாவடுதுறை ஆதீன வித்துவானாக விளங்கிய பிள்ளையவர்கள் தலபுராணங்கள் பாடுவதில் அக்காலத்தில் ஒப்பற்றவர். வீட்டில் வழங்கிய சாமிநாதன் என்ற பெயரே நிலைக்குமாறு செய்தவரும் அவரே.

அங்கே சேர்ந்தவுடன் எல்லாம் இனிதாக அமைந்துவிடவில்லை. உணவுச் செலவுக்குத் தந்தையார் எங்கெங்கோ அலைந்து பொருள் தேடித் தர வேண்டியிருந்தது. மாயூரத்தில் இருந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடத்தில் சங்கீதம் பயிலத் தொடங்கிய மாணவர், அப்பயிற்சி தமிழ்ப் படிப்புக்கு இடையூறாகும் என ஆசிரியர் கருதுவதை அறிந்து அதனை விட்டார். தந்தை வழி வந்த கலை அது. பாரதியாரோ பெரும் புகழ் வாய்ந்தவர். ஆயினும் ஒன்றை முற்றப் பெறுவதற்கு மற்றொன்றை இழக்க நேரும் என்பதை அந்த இளம் வயதிலேயே அவர் அறிந்துகொண்டார்.

பின்னர்த் திருவாவடுதுறையில் ஆதீனகர்த்தராகிய ஸ்ரீ சுப்பிரமணிய தேசிகரவர்களின் அன்பும் ஆதரவும் வாய்த்தன. அங்கிருக்கையில் வைசூரி கண்டு, சூரியமூலைக்குக் கொண்டு போகப்பட்டுப் பல நாள் படுக்கையில் இருந்ததும் உண்டு. உடல் தேறியதும் மீண்டும் ஆசிரியரிடமே சென்றார். ஆசிரியர் பாடுவதை ஓலையில் எழுதுதல், ஏடு வாசித்தல், உடன் பயில்வோரோடு சிந்தித்தல் என இரவு பகல் பாராமல் காலம் கழிந்தது. திருமணத்தினால் ஏற்பட்ட கடனைத் தீர்ப்பதற்காகக் காரை என்னும் ஊருக்குச் சென்று திருவிளையாடற் புராணம் பிரசங்கம் செய்து பொருள் ஈட்டியதும் இக்காலத்து நிகழ்ச்சியே.

1876-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் பிள்ளையவர்கள் சிவபதம் அடைந்தார்கள். தாயை இழந்த கன்றின் நிலையில் இருந்த மாணவரைச் சுப்பிரமணிய தேசிகரவர்கள் தம் மடத்திலேயே வைத்துக்கொண்டு, இளைய மாணவர்களுக்குப் பாடம் சொல்லும் பணியை அளித்துக் காத்தார்கள்.

கல்லூரிப் பதவி

கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் பிள்ளையவர்களின் பழைய மாணவர். தாம் ஓய்வு பெற்றபோது தமக்குப் பின் அவ்விடத்திற்கு உரியவர் சாமிநாதையரே எனக் கருதி, அதற்கு வேண்டிய முயற்சிகளையெல்லாம் அவரே முன்னின்று செய்தார். 1880-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஐயரவர்கள் அப்பதவியை ஏற்றார். அப்போது வயது 25. இந்நன்றியை அவர் என்றும் மறந்ததில்லை. பிற்காலத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்திற்குத் தியாகராஜ விலாசம் என்று பெயரிட்டு மகிழ்ந்தார்.

வறுமையில் வளர்ந்த ஒருவருக்கு அரசாங்கக் கல்லூரியில் நிலையான பதவி கிடைத்தது. மாதந்தோறும் சம்பளம், மாணவர்களின் மதிப்பு, மடத்தின் அன்பு ஆகிய மூன்றும் கூடின. பலருக்கு முயற்சி நின்று அமைதி தொடங்கும் இடம் இது. ஐயரவர்களுக்கோ உண்மையான உழைப்பு இவ்விடத்திலேதான் தொடங்கிற்று.

வாழ்வை மாற்றிய சந்திப்பு

அவ்வாண்டு அக்டோபர் மாதம் 21-ஆம் நாள், கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் கண்டார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் வினவ, ஐயரவர்கள் தாம் பாடம் கேட்ட அந்தாதிகள், கோவைகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் எனப் பெரியதொரு வரிசையைக் கூறினார். முதலியார் முகத்தில் வியப்புத் தோன்றவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்றும், சீவக சிந்தாமணி தெரியுமா என்றும் அவர் கேட்டார். ஐயரவர்கள் அதனைப் படித்திருக்கவில்லை.

கல்வியிற் சிறந்தவர் என்று ஊரார் மதிக்கும் நிலையில் இருந்த ஓர் ஆசிரியருக்கு இது எளிதில் தாங்கத்தக்க அனுபவம் அன்று. சினம் கொள்ளவும், முதலியாரைக் காணாமல் இருந்துவிடவும் அவரால் இயன்றிருக்கும். அவர் அவ்வாறு செய்யவில்லை. முதலியார் கொடுத்த சிந்தாமணிப் பிரதியை வாங்கிச் சென்று, முதலெழுத்துப் பயிலும் மாணவரைப் போல் அதன்முன் அமர்ந்தார்.

சிந்தாமணி சமண காவியம். நச்சினார்க்கினியர் உரையோடு கூடியது. அவ்வுரையில் வரும் மேற்கோள்கள் எந்த நூலைச் சார்ந்தவை என்று தெரியவில்லை. சமண சமயத்து வழக்குகள் விளங்கவில்லை. ஆகவே கும்பகோணத்தில் வாழ்ந்த சமண அன்பர்களை அவர் தேடிச் சென்றார். அவர்கள் இல்லத்தில் சிந்தாமணி பக்தியோடு பாராயணம் செய்யப்பட்டு வருவதைக் கண்டு வியந்தார். ஐயம் தோன்றிய இடங்களையெல்லாம் அவர்களிடம் கேட்டுத் தெளிந்தார். சைவ மடத்தில் பயின்றவர் சமண நூலுக்கு உழைப்பதா என்று குறை கூறியோரும் இருந்தனர். நெற்றியில் நீறும் நெஞ்சில் சிவபக்தியும் குறையாமலே, பிறர் சமய நூலையும் அவர்களுடைய கண்ணால் நோக்கிப் பொருள் காணும் நேர்மை ஐயரவர்களிடம் இருந்தது.

ஏட்டுச் சுவடியின் கடுமை

ஏட்டுச் சுவடியைப் பதிப்பிப்பது எத்தகைய வேலை என்பதை இக்காலத்தவர் எண்ணிப் பார்ப்பது அரிது. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களுக்கும், ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு தெரியாது. காலுக்கும் ரகரத்துக்கும் வடிவம் ஒன்றே. செய்யுள் எங்கே முடிகின்றது, உரை எங்கே தொடங்குகின்றது என்று காட்ட இடைவெளியும் இல்லை. பாதி ஏட்டைச் செல் அரித்திருக்கும். எடுத்தால் ஓரம் ஒடியும். அவிழ்த்தால் இதழ் முறியும். எழுதினோர் செய்த பிழைகளோ ஒரு பிரதிக்கு ஒரு வகை.

இதனால் ஒரு நூலுக்குப் பல பிரதிகளைத் தேடித் தொகுத்து, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் தத்தம் கையிலுள்ள பிரதியோடு ஒப்பு நோக்கி, வேறுபாடு கண்ட இடமெல்லாம் குறித்துக்கொண்டு, பொருளுக்கும் யாப்புக்கும் இசைந்த பாடத்தைத் துணிய வேண்டும். பகலில் கல்லூரிப் பாடம். காலையிலும் இரவிலும் இவ்வாராய்ச்சி. விடுமுறை வந்தால் சுவடி தேடும் யாத்திரை. இவ்வாறு ஏழு ஆண்டுகள் கழிந்தன. அச்சுச் செலவுக்குப் பொருள் இல்லாமையால் அன்பர்களிடம் கையொப்பம் வாங்கி முன்பணம் பெற்றார். கும்பகோணத்துக்கும் சென்னைக்கும் இடையே அலைந்து, அச்சுப் பிழைகளைத் தாமே திருத்தினார். 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையுடன் வெளிவந்தது.

தமிழ்நாட்டு அறிஞர்கள் ஒருமுகமாகப் பாராட்டினர். 32 வயதில் ஐயரவர்களின் பெயர் நாடெங்கும் பரவிற்று.

வெற்றிக்குப் பின்

இனி அவர் என் செய்தார் என்பதே கருதத்தக்கது. சிந்தாமணி உரையில் கண்ட மேற்கோள்கள் அவரை உறங்கவிடவில்லை. பெயரளவில் கேள்வியுற்றனவும், பெயரும் கேளாதனவுமாகிய எத்தனையோ நூல்கள் எங்கோ ஓலையில் மடிந்துகொண்டிருக்கின்றன என்பதை அவர் உணர்ந்துவிட்டார். வெற்றி தந்த மகிழ்ச்சியைக் காட்டிலும் அவ்வுணர்ச்சி அவருக்குப் பெரிதாயிற்று.

திருநெல்வேலிச் சீமையில் கவிராயர்கள் வீடுகளுக்கெல்லாம் சென்றார். சில வீடுகளில் சுவடிகள் தெய்வத்தைப் போலப் போற்றப்பட்டு அடுக்கடுக்காக இருந்தன. வேறு சில இடங்களில் ஆற்றுப் பெருக்கில் விடப்பட்டன என்றும், பரணில் மக்கிப் போயின என்றும் விடை கிடைத்தது.

அவற்றுள் ஒரு நிகழ்ச்சி திருக்கோயில் அன்பர்கள் மனத்திற் கொள்ளத்தக்கது. வரகுணபாண்டியன் காலத்து ஏடுகள் கரிவலம்வந்தநல்லூர்த் திருக்கோயிலில் இருப்பதாகக் கேள்வியுற்று ஐயரவர்கள் அங்கே ஆவலோடு சென்றார். குப்பையாகக் கிடந்த பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் எறியலாகாது என்று கருதி, குழி வெட்டித் தீ வளர்த்து, நெய்யில் தோய்த்து ஆகுதி செய்துவிட்டதாக அங்கிருந்தோர் அவருக்குத் தெரிவித்தனர். செய்தவர்களிடம் தீய எண்ணம் சிறிதும் இல்லை, பக்தியே இருந்தது. அறிவு துணை நில்லாத பக்தியினால் எந்தெந்த நூல்கள் சாம்பலாயின என்பதை இனி யாரும் அறிய இயலாது. அந்தத் துயரம் ஐயரவர்களின் நெஞ்சில் ஆறாப் புண்ணாக இருந்தது. ஒரு நாள் தாமதித்தால் ஒரு நூல் அழியும் என்ற அச்சமே அவரை மேன்மேலும் ஓடச் செய்தது.

ஆழ்வார்திருநகரியிலோ இறைவன் திருவருள் வேறு விதமாக அமைந்தது. பத்துப்பாட்டுக்கு நல்ல பிரதி தேடி அங்கே சென்றவருக்குப் பல வீடுகளில் பார்த்தும் வேண்டியது கிடைக்கவில்லை. மனம் சோர்ந்திருந்த இரவில், வீதியில் எழுந்தருளிய பெருமாளைத் தரிசித்து உள்ளமுருக வேண்டிக்கொண்டார். அவர் தங்கியிருந்த வீட்டிற்குரிய இலட்சுமண கவிராயர் தம் மாமனாரிடமிருந்து ஒரு சுவடியைக் கொண்டு வந்து கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் அது பத்துப்பாட்டு! பிரார்த்தனைக்குப் பலன் கிடைத்தது என்று ஐயரவர்கள் நம்பினார். ஆயினும் அப்பிரார்த்தனைக்கு முன்னே எத்தனை வீட்டு வாயில்களில் அவர் நின்றார் என்பதையும் நாம் மறத்தலாகாது.

1889-ஆம் ஆண்டில் பத்துப்பாட்டு அச்சேறிற்று. 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் தொடர்ந்து வந்தன. மணிமேகலை பௌத்த காவியம். முன்பு சமணத்தைக் கற்றதுபோலவே இப்போது பௌத்தத்தைக் கற்க வேண்டியிருந்தது. கும்பகோணம் கல்லூரியில் உடன் பணியாற்றிய பேராசிரியர் ரங்காசாரியார் ஆங்கில நூல்களில் உள்ள பௌத்தக் கருத்துக்களை எடுத்துரைக்க, ஐயரவர்கள் அவற்றைக் கேட்டுக் கேட்டுத் தெளிந்தார். நாடறிந்த பதிப்பாசிரியர் ஆன பின்னும் மாணவராக அமர்ந்து பாடம் கேட்க அவர் நாணவில்லை.

ஒவ்வொரு பதிப்பிலும் நூலாசிரியர் வரலாறு, உரையாசிரியர் வரலாறு, அடிக்குறிப்பு, ஒப்புமைப் பகுதி, அரும்பத அகராதி முதலியவற்றை வகுத்து அமைத்தார். கிடைக்காத பகுதியைத் தாமே இட்டு நிரப்பியதில்லை. புறநானூற்றில் 267, 268-ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. 1904-இல் வெளிவந்த பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் இறுதிப்பத்தும் கிடைக்கவில்லை. பாடும் ஆற்றல் வாய்ந்த புலவராகிய அவர், இல்லாததை இல்லையென்றே விட்டு, சிதைந்த இடங்களைப் புள்ளியிட்டுக் காட்டினார். சிதைந்த திருமேனியைக் கண்டபடி செப்பனிடாத நல்ல சிற்பியின் அடக்கம் அது.

பட்டங்களுக்கு நடுவில்

1903-ஆம் ஆண்டில் அவர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பட்டார். 1906-இல் அரசாங்கத்தார் மகாமகோபாத்தியாயர் என்ற பட்டத்தை அளித்தனர். அடுத்த ஆண்டாகிய 1907-இல் வெளிவந்தது யாது? சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு. இருபது ஆண்டுகளில் தாம் புதிதாகக் கண்டவற்றையெல்லாம் சேர்த்து, முன்பு புகழ் தந்த அதே நூலை மறுபடியும் முதலிலிருந்து திருத்தினார். 1922-இல் மூன்றாம் முறையும் அவ்வாறே செய்தார். ஒருமுறை செய்து முடித்த பணியை உலகம் போதும் என்று சொல்லிய பின்னும், தமக்குப் போதாது எனக் கருதுவோர் சிலரே.

1919-இல் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது பெயரளவே. 1924-இல் பெருங்கதையை வெளியிட்டார். அவ்வாண்டு முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக இருந்து, தில்லைக் கூத்தன் சந்நிதியில் மாணவர்களை உருவாக்கினார். 1925-இல் காஞ்சி காமகோடி பீடாதிபதிகள் தாக்ஷிணாத்திய கலாநிதி என்ற பட்டம் வழங்கி ஆசி கூறினார்கள். 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்தது.

டாக்டர் பட்டம் பெற்றபோது வயது 77. அடுத்த இரண்டு ஆண்டுகளில், 1933-இலும் 1934-இலும், தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் சரித்திரத்தை இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டார். ஆசிரியர் மறைந்து ஐம்பத்தேழு ஆண்டுகள் ஆகியும் அவரிடம் கேட்ட ஒவ்வொரு பாடமும், கண்ட ஒவ்வொரு நிகழ்ச்சியும் அந்நூலில் ஒளிர்கின்றன. தம்மைப் பாராட்ட உலகம் திரண்டபோது அவர் தம் குருவையே உலகுக்குக் காட்டினார்.

1937-ஆம் ஆண்டில், 82-ஆம் வயதில், குறுந்தொகை வெளிவந்தது. அதற்குப் பண்டையோர் எழுதிய உரை மறைந்துவிட்டமையால் தாமே உரை வகுத்தார். கண்பார்வை தளரத் தளர மாணவர்கள் வாசிக்கக் கேட்டும், சொல்லி எழுதுவித்தும் பணி நடந்தது. 1940-ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் தம் வரலாற்றை வாரந்தோறும் எழுதிவந்தார்.

1942-ஆம் ஆண்டில் யுத்த பயத்தினால் சென்னை மக்கள் வெளியூர்களுக்குச் சென்றபோது, ஐயரவர்களும் தம் ஏடுகளோடு திருக்கழுக்குன்றம் சென்றார். அவ்வாண்டு ஏப்ரல் மாதம் 28-ஆம் நாள், வேதகிரீசுவரர் எழுந்தருளிய அத்தலத்தில், 87 ஆண்டு நிறைந்த பிராயத்தில் இறைவனடி சேர்ந்தார். என் சரித்திரம் 122 அத்தியாயங்களோடு முற்றுப் பெறாமல் நின்றது. முடிக்க நேரம் இல்லாமற் போன அளவுக்கு உழைத்த வாழ்க்கை அது. அடுத்த ஆண்டிலேயே, ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேல் அவர்களின் முயற்சியால் அவர் பெயரில் நூல் நிலையம் தோன்றி, அவர் திரட்டிய சுவடிகள் காக்கப்பட்டன.

அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்

வறுமையில் ஒருவர் உழைப்பது இயற்கை. பசியும் கடனும் அவரைத் தூண்டும். பெருமை வந்த பின் உழைப்பதே அரிது. அப்போது தூண்டுவதற்குப் பசி இல்லை. தடுப்பதற்கோ புகழ்ச்சி இருக்கின்றது. ஐயரவர்கள் 1887-ஆம் ஆண்டு வரையில் மட்டும் உழைத்து நின்றிருந்தால், சிந்தாமணி ஒன்றைப் பதிப்பித்த நல்லாசிரியர் என்ற அளவில் அவர் பெயர் நின்றிருக்கும். அதன் பின்னர் ஐம்பத்தைந்து ஆண்டுகள் உழைத்தமையாலேயே தமிழ்த் தாத்தா என்று நாடு அவரை உரிமையோடு அழைக்கின்றது.

திருக்குட நன்னீராட்டுக்குப் பொருளும் உழைப்பும் வழங்கிய அன்பர்கள் இதனைச் சிந்தித்தல் நலம். கலசம் ஒளிர்கின்றது, யாகசாலைப் புகை அடங்கிவிட்டது, வந்த கூட்டம் கலைந்து ஊர் திரும்புகின்றது. கோபுரத்தில் முளைக்கும் அரசங் கன்றைக் களையவும், நந்தவனத்திற்கு நீர் இறைக்கவும், மாலை விளக்குக்கு எண்ணெய் குறையாமல் பார்க்கவும், கோயிலின் பழைய ஏடுகளும் கல்வெட்டுக்களும் அழியாமல் காக்கவும் நாளைக் காலையில் வருபவர் யாவர்? அவர்களே திருப்பணியை நிறைவேற்றுபவர்கள். அத்தகைய தொண்டர்கள் தலைமுறை தலைமுறையாகப் பெருக எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிவானாக.